மாரியப்பன் பேருக்கு வாசித்த பெட்டி

இந்த ஜெர்மனியில் மத்தியானச் சாப்பாட்டை எவரும் எவருக்கும் பங்கு வைப்பதில்லை. ஆனால் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற கருவியில் ஒன்றைத் தாராளமாக நீட்டுவார்கள். நூற்பு இயந்திரம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரர் கிளவுஸ் போன மாதம் அப்படித்தான் நீட்டினார். அவருடைய அபிமான ராக் குழு, பதினைந்து வருடம் கிட்டாரும் டிரம்ஸுமாகத் திரிந்துவிட்டு, தொடக்க காலத்துத் தாளம் போடும் மின்னணுப் பெட்டிகளுக்கே திரும்பி ஒரு ஆல்பம் போட்டிருக்கிறதாம். "வீடு திரும்பிவிட்டார்கள்" என்றார், கண் கலங்காத குறையாக. "டிரம்ஸ்காரர் எங்கே போனார்?" என்று கேட்டேன். நான் ரசிக்கிறேன் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

பிசகாமல் விழுந்த அந்தத் தாளம் என்னை ஊருக்கு இழுத்துப் போனது. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து மில் ஒன்றில் நான் ஃபிட்டர், என் கூட்டாளி மாரியப்பன் ஸ்பின்னிங்கில். ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு. அவன் தபேலா, நான் ஆர்மோனியம். சிங்கப்பூரிலிருந்து என் மாமா ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். பொத்தானை அமுக்கினால் தாளத்தையும் அதுவே போடும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் கச்சேரி. வேனில் இடம் பத்தாது என்று குழுத் தலைவர் தலையைச் சொறிந்தபோது, "தபேலா இல்லாமலே சமாளிச்சிரலாம்ணே" என்று சொன்னவன் நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

முதல் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவர் பேரையும் மைக்கில் சொல்வது வழக்கம். பேர் வந்தவர் கொஞ்சம் வாசித்துக் காட்டுவார், கூட்டம் கைதட்டும். அறிவிப்பாளர் பழக்கதோஷத்தில், "தபேலா, மாரியப்பன்!" என்று சொல்லிவிட்டார். மேடையில் எல்லோரும் முழித்தார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். விசில் பறந்தது. பஸ் பிடித்து வந்த மாரியப்பன் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். கச்சேரி முடிந்ததும் நேரே என்னிடம் வந்தான்.

"எம் பேருக்கு அது வாசிச்சிட்டுல்லா? இனி அதையே கூட்டுச் சேத்துக்கோலே."

அதன்பிறகு மில்லில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பளத்துக்காகத்தான் வெளிநாடு போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பாதிப் பொய்.

கிளவுஸின் ஆல்பத்தைக் கேட்ட அன்றைக்கே மாரியப்பனுக்கு எழுதினேன். நான் செய்தது துரோகம், மன்னித்துவிடு, ஊரோடு வந்துவிட்டால் உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க இடம் தருவாயா என்று கேட்டிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குலே. இப்பச் சனங்களுக்குக் கீபோர்டுப் பெட்டிச் சத்தம் சலிச்சுப்போச்சு, தபேலாவத்தான் கேக்காவ. குழுவ நாந்தான் நடத்துதேன். ஆர்மோனியத்துக்கு ஆள் இருக்கு. நீ வந்தா முன்வரிசையில நாற்காலி போடச் சொல்லுதேன்."

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான், குறை சொல்ல வழியில்லை. ஆனால் முன்வரிசை நாற்காலிகளை எத்தனையோ கச்சேரிக்கு நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். அவை வெளியூர் விருந்தாளிகளுக்கு. உள்ளூர்க்காரன் தரையில் உட்கார்ந்துகொள்வான்.