மஞ்சள் சட்டையில் இரண்டு பேர்

கோபம் வந்தால் எனக்குக் கைதான் முதலில் பேசும். இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் வேலை. அங்கே கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் கத்துவேன். வேலை போய்விடும் என்ற பயம். கோயிலில் அந்தப் பயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தில் நான் பல வருடத் தொண்டூழியன். வரிசையைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு. ஒருவருக்கு ஒரு பொட்டலம் என்பது விதி. இரண்டாவது முறை வந்து நிற்கிறவனைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆளில்லை என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

என் தங்கை என்னைவிடப் பதினோரு வயது இளையவள். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறாள், மிச்ச நேரத்தில் தனக்குப் பிடித்த படம் எடுக்கிறாள். மூன்று வருடமாக அவள் எடுத்துக்கொண்டிருந்தது ஓர் ஆவணப்படம். கடவுளைப் பற்றி இல்லையாம், கடவுளுக்கு மேனேஜர் வேலை பார்க்கிறவர்களைப் பற்றியாம். எந்த மதத்தையும் விடவில்லை. எல்லாம் கிண்டல். எங்கள் கோயிலிலும் கமிட்டி அனுமதியோடு பல ஞாயிற்றுக்கிழமைகள் கேமராவை வைத்துக்கொண்டு மாடி நடைபாதையில் நின்றாள். என்ன எடுத்தாள் என்று நான் கேட்டதில்லை. என் தங்கை படம் எடுக்கிறாள் என்று வரிசையில் நிற்பவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டதோடு சரி.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. படத்தைத் தணிக்கை அனுமதிக்கு அனுப்புவதற்கு முன், அதில் முகம் தெரிகிற அத்தனை பேரையும் ஒரே இடத்துக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவாள். வேண்டாம் என்று யார் சொன்னாலும் அவர்கள் பகுதியை வெட்டிவிடுவாள். யாருக்கும் முன்கூட்டியே தனியாகக் காட்டமாட்டாள், கூடப்பிறந்தவனுக்கும்தான். இன்னொன்று, திரைக்குப் பக்கத்தில் பார்வையாளர்களைப் பார்த்தபடி ஒரு கேமராவை வைத்துவிடுவாள். பார்க்கிறவர்களின் முகமும் படத்தில் வர வேண்டும் என்பாள்.

"அண்ணே, படத்துல நீயும் இருக்க லா. கண்டிப்பா வா," என்றாள். "உனக்கு ஓகே இல்லன்னா சொல்லிடு, கட் பண்ணிடறேன்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தேக்காவில் ஒரு சந்துக்குள், பிரியாணிக் கடைக்கு மேல்மாடி அறை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. முப்பது முப்பத்தைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்வரிசையில் எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், பட்டு வேட்டியோடு. நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போயிருந்தேன். திரையில் வரப்போகிறவன் அல்லவா.

முதல் கால் மணி நேரம் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மேடையில் புகை விட்டு, கலர் விளக்குப் போட்டு, யாருக்கெல்லாம் புதுக் கார் வேண்டுமோ அவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் ஒரு பிரசங்கி. தூக்கியவர்களில் ஒருவர் எனக்குப் பின்னாலேயே இருந்தார். "ஸ்டாப் பண்ணுங்க! இது இன்சல்ட்!" என்று எழுந்து நாற்காலியை உதைத்தார். அது போய் ஓர் அம்மாவின் கணுக்காலில் இடித்தது. அந்த அம்மாவின் மகன் அவருடைய காலரைப் பிடித்தான். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தது. என் தங்கை நடுவில் போய் நின்று, "சார், உங்க பார்ட் வெளியே போயிடும், ப்ராமிஸ்," என்று கெஞ்சினாள். அவர் துப்பிவிட்டு இறங்கிப் போனார். நான் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து எங்கள் கோயில். புதிதாகக் கட்டிய கழிப்பறையின் திறப்பு விழா. குழாய்க்கு மாலை, கதவுக்கு ரிப்பன், கமிட்டிக்காரரின் நீண்ட உரை. பின்னால் ஒரு பெரியவர் அவசரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார், உரை முடிகிற பாடாக இல்லை. அறையே அதிர்ந்தது. பட்டு வேட்டிக்காரர் எழுந்தார், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஓங்கித் திரையில் அடித்தார். பாட்டில் வெடித்து முன்வரிசை நனைந்தது. அடுத்து நாற்காலியைத் தூக்கினார். நான் பாய்ந்து அவருடைய இரண்டு தோளையும் பிடித்து அமுக்கி உட்கார வைத்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த பலத்துக்கு அவர் எலும்பு நெரிந்திருக்கும்.

"உக்காந்து பாருங்க. சிரிக்கத் தெரியணும் லா!" என்றேன். கைதட்டல் கிடைத்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அடுத்த பகுதிக்குப் பெயர் 'வரிசை'. பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை. மாடியிலிருந்து எடுத்த ஒரே காட்சி, நடுவில் வெட்டே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அன்னதானக் கூட்டம். கட்டுமான வேலைக்காரர்கள் பலர் ஒரே கம்பெனியின் மஞ்சள் டீ-ஷர்ட்டில். ஒரு மஞ்சள் சட்டைக்காரர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போய், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குகிறார். அதே நேரம் வரிசையின் நடுவில் இன்னொரு மஞ்சள் சட்டைக்காரர். கொஞ்சம் உயரம், காதோரம் நரை. இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் தெரிகிறார்கள். பார்க்கிற குழந்தைக்கும் தெரியும், ஆள் வேறு என்று.

நரைக்காரர் முன்னால் வந்து பொட்டலத்தை வாங்குகிறார். நான் வருகிறேன். அவருடைய சட்டையைப் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை, அது திரையில் தெளிவாகத் தெரிந்தது. வாயசைவில் 'மறுபடியுமா' என்கிறேன். அறைகிறேன். பொட்டலம் விழுந்து சாம்பார் சாதம் சிதறுகிறது. வெளியே போ என்று வாசலைக் காட்ட நான் கையைத் தூக்கியதும் அவர் இரண்டு முழங்கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு குனிகிறார். வெளியே, நடைபாதையில், முதல் மஞ்சள் சட்டைக்காரர் அப்பளத்தை நிதானமாகக் கடிக்கிறார். அடுத்த நொடி நான் ஒரு கார்க்காரக் குடும்பத்தைக் கண்டு முகமெல்லாம் பல்லாகி, கைகூப்பி, வரிசையைத் தாண்டி நேரே உள்ளே அழைத்துப் போகிறேன்.

அறை சிரித்தது. குழாய்க்கு மாலை போட்டதற்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. நான் மட்டும் திரையில் இல்லாதிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பட்டு வேட்டிக்காரர் திரும்பினார்.

"உக்காந்து பாருங்க. சிரிக்கத் தெரியணும் லா," என்றார்.

என்ன நடந்தது என்பதை எனக்கு ஞாபகம் இருக்கிறபடி சொல்கிறேன். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். மடிக்கணினியின் வயரைப் பிடுங்கினேன். தங்கை ஓடிவந்து, "அண்ணே, இரு, கட் பண்ணிடறேன், உன்கிட்ட கேக்கத்தானே..." என்றாள். அவள் முடிக்கவில்லை. "கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுக்கிறியாடி!" என்று கத்தி அறைந்தேன். மூக்குக்கண்ணாடி பறந்தது. சுவரில் மோதி விழுந்தவளின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடியும் கையை ஓங்கினேன். மூன்று பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். ஒருவருடைய மூக்கில் என் முழங்கை பட்டது. படிக்கட்டில் என்னை இழுத்து இறக்கியபோது, கீழே பிரியாணிக்கு நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுமையாக வீட்டுக்குப் போனேன்.

உதட்டில் இரண்டு தையல். அவள் போலீசுக்குப் போகவில்லை. என் மனைவிதான் தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவ மட்டும் போலீஸ்ல சொல்லியிருந்தா, உங்க கையைப் பத்திச் சொல்ல நான்தான் முதல் சாட்சி. தெரிஞ்சுக்குங்க."

வெட்கத்தைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று வந்தது. அந்த மஞ்சள் சட்டைக்காரரை அறைந்தது எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு மனிதனை அத்தனை பேர் முன்னால் அடித்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறேன். இப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய் வரிசையை ஒட்டி நின்றேன். அவரைத் தேடத்தான். மஞ்சள் சட்டைகள் வந்தன, போயின. உயரமானவர்கள் நாலைந்து பேர், காதோரம் நரைத்தவர்கள் அதைவிட அதிகம். எவர் என்று சொல்லத் தெரியவில்லை. கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன் மூன்று ஞாயிறு தேடியும் தோற்றேன். நான் கிட்ட நெருங்கினாலே அவர்கள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். வரிசைப் பொறுப்பு வேண்டாம் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் தங்கையிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். பார்வையாளர்களைப் பார்த்து வைத்த கேமராவின் பதிவு. நடுவில் நான். பிரசங்கியைப் பார்த்துத் தொடையைத் தட்டுகிறேன். கணுக்காலில் அடிபட்ட அம்மா வலியில் குனிந்திருக்கிறார், பக்கத்தில் நான் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறேன். கமிட்டிக்காரரை அமுக்குகிறேன். பிறகு என் முகம் மாறுகிறது. கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஏதோ நொறுங்குகிற சத்தம். அவளுடைய கண்ணாடியை நான்தான் மிதித்திருக்கிறேன், அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணி சத்தம் கேட்டு என்னைப் பார்த்தார். இறங்க வேண்டிய சுவா சூ காங் நிலையம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அவளுக்கு எழுதினேன்: 'எதையும் வெட்டாதே. எங்கே கையெழுத்து வேணும்னு சொல்லு.' அனுப்பியதும் நெஞ்சு லேசானது. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மறைக்க விரும்பவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். புதுக் கண்ணாடி. கீழுதட்டில் ஒரு சின்னக் கோடு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாள்களை எடுத்து வைத்தாள். என் மனைவி சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ஃபார்ம். ஒண்ணு கோயில் சீன். ஒண்ணு அன்னைக்கு ரூம்ல நடந்தது," என்றாள். "அன்னைக்கு வர முடியாத அந்த மஞ்சச் சட்டை அண்ணனைப் போன மாசமே அவங்க தங்குற டார்மிட்டரில போய்ப் பாத்துட்டேன். அவர் ஓகே சொல்லிட்டாரு. உன்னைப் பத்திக் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"இன்னும் அங்கதான் நிக்கிறாரான்னு. அதனாலதான் அவர் அந்தக் கோயிலுக்கு வர்றதில்லயாம்."

இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைச் சரிபார்க்கக் குனிந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவள் தலைக்கு மேலே சுவர் விசிறி ஓடாமல் நின்றது. பாவம், வேர்க்கிறதே என்று எழுந்து, விசிறியின் கயிற்றை இழுக்கக் கையைத் தூக்கினேன்.

அவள் இரண்டு முழங்கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு மேசையோடு மேசையாகக் குனிந்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. திரையில் அந்த மனிதர் குனிந்த மாதிரியே இருந்தது, தோள் ஒடுங்கிய விதம் உட்பட. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

கயிற்றை இழுத்தேன். விசிறி சுற்றத் தொடங்கியது. காற்று பட்டதும் அவள் மெதுவாகக் கையை இறக்கி, முதலில் விசிறியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாரிண்ணே," என்றாள்.

அந்த வார்த்தையை அன்றுவரை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.