தமிழே பேசாத அரைமணி நேரம்

சாராள் டீச்சர் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண்தான். அவளுடைய அப்பா ஜோசப் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டே காலம் தள்ளியவர். அவர் மகள் டீச்சருக்குப் படித்து, ரயிலடியிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்த பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வருஷமும் ஒன்றாம் வகுப்புதான். ஐந்தாம் வகுப்பில் ஆரம்பிக்கிற இங்கிலீஷ், ஹெட்மாஸ்டர் குப்புராஜின் கையில் இருந்தது.

குப்புராஜ் நல்ல மனுஷர். போர்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதுவார். அதற்குக் கீழே தமிழில் அர்த்தம் எழுதுவார். பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ராகம் போட்டுக் கத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியான உப்புமா கிண்டுகிற செங்கம்மாளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு எழுத்து ஒட்டாது. அவளுக்குத் தமிழே எழுதப் படிக்க வராது, இங்கிலீஷுக்கு எங்கே போவது?

அறுபத்தாறாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. இங்கிலீஷ் நடத்துகிறவர்கள் இனிமேல் புது முறையில் நடத்த வேண்டும், அதற்கு நாலு வாரம் பயிற்சி. குப்புராஜுக்கு ரிட்டையராக ஒரு வருஷம்தான் பாக்கி.

"இந்த வயசுல நான் பெஞ்சுல குந்தி படிக்கவா? நீ போம்மா சாராளு. பாஸ் பண்ணிக்கினு வந்தா இங்கிலீஷு உன்னுது. இல்லன்னா வெளியூரு வாத்தியார் யாரையாவது போட்டுடுவாங்க, நீ ரிட்டையராவற வரிக்கும் அ, ஆ தான்," என்றார்.

சாராள் தினமும் காலை ரயிலில் பொன்னேரி போய் வந்தாள். சாயங்காலம் ரயிலடியிலிருந்து நடந்து வரும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதில் சீப்பு, பந்து, எலுமிச்சம்பழம், காலி டப்பா, இன்னும் என்னென்னவோ.

"டீச்சரம்மா, பொம்மக் கடை வெக்கப் போறீங்களா?" என்று செங்கம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"இதான் புஸ்தகம் செங்கம்மா. பாடம் நடத்தறப்போ ஒரு தமிழ் வார்த்த வரக் கூடாது. பொருளக் காட்டணும், செஞ்சு காட்டணும், சொல்லணும். அவ்ளோதான்."

"தமிழ்ல சொல்லாத இன்னாத்த புரியும்?"

"எனக்கும் அதே பயந்தான்," என்றாள் சாராள்.

கடைசிப் பரீட்சை, அவரவர் பள்ளிக்கூடத்திலேயே அரைமணி நேரம் பாடம் நடத்திக் காட்டுவது. பயிற்சி கொடுத்த அருணாச்சலம் சாரும், கூடப் படித்த ஆறு வாத்தியார்களும் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அருணாச்சலம் சார் பட்டணத்துக்காரர். சிரித்துப் பேசுவார், ஆனால் மார்க்கில் கை நீளாது.

குப்புராஜ் சும்மா இருந்தாரா? பெரிய அதிகாரி வருகிற அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிக் கொடுத்து வைப்பது அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. அதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்கி வைப்பது மாதிரி. சாராள் பொன்னேரிக்குப் போயிருந்த கடைசி மூன்று நாளும் அவர் ஐந்தாம் வகுப்பை உட்காரவைத்து, முதலில் பேனா, அப்புறம் சீப்பு, அப்புறம் பந்து என்று வரிசையாகப் பதிலை ஏற்றி வைத்துவிட்டார். அவளிடம் மூச்சு விடவில்லை.

அன்றைக்குச் சாராள் மேஜைக்கு முன்னால் நின்று, பையில் கையை விட்டு, முதலில் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். வாயைத் திறப்பதற்குள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில், "திஸ் இஸ் எ பென்," என்றன.

பின்னால் ஒரு வாத்தியார் களுக்கென்று சிரித்தார். சாராளின் முகம் வெளுத்துப் போயிற்று. பழத்தை வைத்துவிட்டு டப்பாவை எடுத்தாள். "திஸ் இஸ் எ கோம்ப்," என்று சீப்பைச் சொன்னார்கள் பிள்ளைகள், இன்னும் சத்தமாக.

அருணாச்சலம் சார் பேனாவை மூடினார். "போதும்மா. நாலு வாரமா எத செய்யாதீங்கன்னு சொன்னேனோ அத அப்படியே செஞ்சிருக்கீங்க."

"சார், அது நான்..." என்று குப்புராஜ் தன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

சாராள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. "சார், பத்து நிமிஷம் குடுங்க. பாடமே கேக்காத ஒருத்தருக்கு நடத்தறேன்," என்று சொல்லி, விறுவிறுவென்று அடுப்படிக்கு வந்தாள். "செங்கம்மா, கைய கழுவினு வா."

"நானா? அய்யோ, நான் போயி எதையாவது ஒளறி வெச்சன்னா உங்க வேலைக்கு இல்ல ஒல வெச்சாப்பல ஆயிடும்?"

"இப்போ மட்டும் இன்னா கெட்டுப்போவ பாக்கி இருக்குது? வா."

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வகுப்புக்குள் வந்து நின்றாள் செங்கம்மாள். அருணாச்சலம் சார் அவளைப் பார்த்தார். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"மழைக்கிக்கூட ஒதுங்கினதில்ல சார். உப்மா கிண்டத்தான் வந்துகினு இருக்கறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சாராள் சிரிக்கவில்லை. செங்கம்மாளின் கண்ணைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து தமிழ் வரவில்லை.

தான் உட்கார்ந்தாள், "சிட் டவுன்" என்றாள். எழுந்தாள், "ஸ்டேண்ட் அப்" என்றாள். செங்கம்மாளுக்கு முதலில் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை கால் தானாக மடங்கியது, தானாக எழுந்தது. டீச்சர் டப்பாவைத் தட்டி 'டின்' என்றாள். பழத்தை டப்பாவுக்குள் போட்டு ஒன்று சொன்னாள், மேஜை மேல் வைத்து இன்னொன்று சொன்னாள். குப்புராஜ் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி 'சேர்' என்றாள். இப்படியே மாற்றி மாற்றி. செங்கம்மாள் தமிழில் அர்த்தம் தேடுவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. 'இன்' என்றால் கை உள்ளே போயிற்று. 'ஆன்' என்றால் மேலே போயிற்று. யாரோ அவளுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி வெளிச்சமாக இருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்று அருணாச்சலம் சார் எழுந்து வந்தார். அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. சாராள் சொல்லாத ஒன்றை அவரே சொன்னார்: "புட் த டின் ஆன் த சேர்."

செங்கம்மாள் டப்பாவைக் கையில் எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. மற்றவர்களெல்லாம் பெஞ்சில். நாற்காலியில் ஹெட்மாஸ்டர். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புரியவில்லை போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். சாராள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செங்கம்மாள் நேரே போய்க் குப்புராஜுக்கு எதிரில் நின்றாள். அவர் கொடுத்த வேலையில் இருக்கிறவள், இன்றைக்கு முன்பு அவர் முன்னால் உட்கார்ந்துகூட அறியாதவள். தமிழில் கேட்டால் டீச்சருக்கு மார்க் போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"ஸ்டேண்ட் அப், சார்."

குப்புராஜ் எழுந்து நின்றார். அவள் டப்பாவை நாற்காலி மேல் வைத்தாள்.

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று கும்மிடிப்பூண்டி பக்கம் கடகடத்துப் போவது மட்டும் கேட்டது. முன்பு சிரித்த வாத்தியார் தன் நோட்டை மடியில் மூடி வைத்திருந்தார்.

"அத நான் சொல்லித் தரல," என்றார் அருணாச்சலம் சார் மெதுவாக. "டீச்சரும் அத இந்த இடத்துக்குன்னு சொல்லித் தரல. இந்தம்மாவுக்குத் தேவப்பட்டுது, அவங்களே எடுத்துக்கினாங்க." அதைச் சொல்லும்போது அவர் குரல் கோயிலுக்குள் பேசுகிற குரல் மாதிரி இருந்தது.

குப்புராஜ் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார். "சார், பிள்ளைங்களுக்கு ஏத்தி வெச்சது நானு. அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. மார்க்க கொறைக்கணும்னா என்னுத கொறைச்சுக்குங்க."

"உங்களுக்கு ஏது சார் மார்க்கு?" என்று அருணாச்சலம் சார் சிரித்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

செங்கம்மாள் அடுப்படிக்குத் திரும்பியபோது உப்புமா அடிப்பிடித்திருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சாராள் பின்னாலேயே வந்து விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சரம்மா, பாஸா?"

தலை ஆடிற்று.

"அவ்ளோ பெரிய மனுசன், நான் சொன்னதுக்கு எழுந்துட்டாரே," என்றாள் செங்கம்மாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பு சாராளுக்கு. அப்புறம் எழுபதுகளில் மீஞ்சூர், பொதட்டூர்பேட்டை என்று அவளையே பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த வாத்தியார்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். அதெல்லாம் பின்னால். அந்த முதல் நாள் அவள் துணிப்பையை மேஜை மேல் கொட்டி, வாயைத் திறப்பதற்கு முன், செங்கம்மாள் அடுப்பில் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலண்டை போய் நின்றாள்.

"உப்மா இன்னாச்சி?" என்று குப்புராஜ் கேட்டார்.

"அது வேவும் சார். இன்னைக்கி புதுசா இன்னாவோ சொல்லப் போறாங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.