சீல் வைத்த வெயில்

"நான் போட்ட சீலைப் பிரிக்கிற கை இன்னும் இந்த உலகத்துல பொறக்கல!"

மின்சார அலுவலகத்தில் மீட்டர்களுக்கு ஈயச் சீல் வைப்பவர் இப்படிப் பிரகடனம் செய்தது ஒரு பிரிவுபசார விழாவில். அன்று ஓய்வு பெற்றவர் வேறொருவர். மைக் கிடைத்தது இவருக்கு. ஆனாலும் வீண் பெருமை இல்லை. கம்பியை மீசை முறுக்குவது போல முறுக்கி, ஈய வில்லையை அமுக்கினால் அது பாறை. சொந்த மாமனார் வீட்டு மீட்டரிலும் அதே பாறைதான். மாமனார் அதற்குப் பிறகு இவரோடு பேசுவதில்லை.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் சூரியனுக்கு ஆதரவு தெரிவித்துக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதில் பக்கத்துக்குப் பக்கம் 'மக்கள்' என்ற சொல் வரும். மக்கள் வீட்டில் விளக்கு எரியவேண்டும் என்பது மட்டும் எப்படியோ விடுபட்டுப்போயிற்று. நம் சீல்காரரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. மொட்டை மாடி முழுக்கச் சோலார் தகடுகள், கீழே பேட்டரி அறை, அறைச் சுவரில் பெரிய விசை ஒன்று. வெளிக் கரண்ட் போனால் அந்த விசையைத் திருப்பவேண்டும். குடியிருப்பு வெளிக் கம்பியை உதறிவிட்டுத் தன் காலிலேயே நிற்கும்.

அங்கேதான் கொள்கைக்கு வியர்த்தது. மக்கள் விசையை வாங்கலாம், மாட்டலாம், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். திருப்புவதற்கான விதிகள் 'உருவாக்கத்தில்' இருந்தன. உருவாகும்வரை சீல். வைத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமோ? வைத்துவிட்டு, நேர்மையானவர் ஆயிற்றே, இழுத்தும் பார்த்தார்.

அதன் பிறகு கரண்ட் போகும் மத்தியானங்களில் தகடுகள் வெயில் காயும். கீழே மனிதர்கள் அட்டையால் விசிறிக்கொள்வார்கள். உலகத்திலேயே, வீடு நிறைய மின்சாரம் இருந்தும் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெருமை நமக்குத்தான்.

ஒரு நாள் இரவு புயல் அடித்து, எங்கோ மின்கோபுரம் சாய்ந்தது. விடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போலச் சுள்ளென்று வெயில். சீல்காரரின் அக்காவுக்கு நுரையீரல் பழுது. கரண்டில் ஓடும் இயந்திரம் தரும் ஆக்சிஜனில்தான் மூச்சு. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள், சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, வர மாலை ஆகும் என்றார்கள்.

"ஏண்டா தம்பி," என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "மாடியில அவ்வளவு வெயில் சும்மாதானே கெடக்கு? எனக்குக் கொஞ்சம் குடுத்தா கவர்மென்ட்டுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?"

"விதி இன்னும் வரலக்கா."

"எனக்கு வந்துடும் போல இருக்கேடா."

சீல்காரர் அதிகாரிக்குப் போன் போட்டார்.

"கொள்கை உங்க பக்கம்தான்யா இருக்கு," என்றார் அதிகாரி, குளிரக் குளிர. "விதிதான் பாக்கி. எதுக்கும் ஒரு மனு எழுதிக் குடுங்க."

"சார், அக்காவுக்கு மூச்சு..."

"மூச்சு நம்ம துறை இல்லையேப்பா. அது சுகாதாரம்."

கீழ்வீட்டுத் தையல்கார அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குங்க. நான் போய்ப் பிச்சுப் போட்டுட்டு வரேன்."

"என் சீல்ல நீ கை வைப்பியா?" என்று பாய்ந்தார். அந்த நிலையிலும் ரோஷம்!

அவள் விடவில்லை. "சீல் உங்களுது. சரி. உள்ள கெடக்கிறது யாரோட அக்கா?"

சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் வாயடைத்துப் போய் அவர் பார்த்ததே இல்லை.

பேட்டரி அறைக்குத் தனியாகத்தான் இறங்கினார். சீல் கம்பியில் வெட்டுக்குறட்டை வைத்து அழுத்தினார். நல்ல முறுக்கு, லேசில் விடவில்லை. இன்னொரு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். விசையைத் திருப்பினார். மாடிப்படி நெடுக, சாத்திய கதவுகளுக்குப் பின்னால், விசிறிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு கிளம்பின.

மேலே வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை அக்காவின் மூக்கில் பொருத்தினார்.

சற்று நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். "கரண்ட் வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சுக்கா."

"கவர்மென்ட் விட்டுடுச்சா?"

சீல்காரர் தலையணையைச் சரிசெய்தார்.

"பேசாம படுக்கா," என்றார்.