நித்திரையிலும் ஓடிய நெஞ்சு

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஆண்டிலிருந்து வீட்டில் எனக்குப் பயந்தவள் என்று பெயர். அன்று கரையோரத்தில் உறவினர் வீட்டில் நின்று, மதிலேறித் தப்பியவள் நான். அதன்பின் வாளித் தண்ணீர் சரிந்தாலும் திடுக்கிடுவேன்.

சில ஆண்டுகளில், போர் நெருங்கி, நாங்கள் இருந்த கரடியனாற்றுப் பக்கம் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கின. நிறைமாத வயிற்றோடும் அம்மாவோடும் சித்தாண்டியில் மச்சாள் வீட்டுக்கு, என் கணவரின் அக்கா வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன். மகள் பிறந்ததும் அங்கிருந்தபோதுதான்.

பிள்ளைக்குச் சில வாரங்களானபோது என் கை நடுங்கத் தொடங்கியது. நெஞ்சு படபடத்தது. வாவிக்கு அப்பால் ஷெல் சத்தம் கேட்டபடி இருந்ததால் அதைப் பயம் என்றார்கள். உடம்பு எரிந்து வியர்த்தது. அம்மா பிரசவப் பத்தியத்துக்கு மிளகு, சீரகம் என்று சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்துகொண்டிருந்தார். அதன் சூடு என்றார்கள். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தேன். பால் கொடுப்பதால் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. படித்தவளான எனக்கே அவை சரியாகத்தான் பட்டன. அடுத்த வீடுகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். நடுக்கத்தை எப்படிப் பெரிதாகச் சொல்வது? பிள்ளையைத் தூக்கும்போது மட்டும் கை நழுவிவிடுமோ என்று தரையில் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு மத்தியானம் பிள்ளையோடு அயர்ந்துவிட்டேன். மச்சாள் பிள்ளையை எடுக்கக் குனிந்தவர், என் நெஞ்சில் கை வைத்தபடி அம்மாவைக் கூப்பிட்டதில்தான் விழித்தேன்.

"மாமி, இஞ்ச வாங்க. நெஞ்சு தண்ணி இறைக்கிற மெசின் மாதிரி அடிக்குது. உடம்பும் நெருப்பாக் கிடக்கு."

"அவள் பயந்த புள்ளதானே மகள்," என்றார் அம்மா.

"நித்திரையிலயுமா பயப்பிடுறாள்? எழும்பு புள்ள, ஆசுபத்திரிக்குப் போவம்."

"வேணாம் மச்சாள், நாளைக்குப் பார்ப்பம்."

"நாளைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போக என்னால ஏலாது. இப்பவே நட."

ஆட்டோவில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். சோதனைச் சாவடியில் பெயர் கேட்டபோது பதில் குழறியது. அதற்குப் பின் நினைவில் இருப்பவை துண்டுகள்தாம்: கையில் ஏற்றிய சேலைன், நெற்றியில் ஈரத்துணி, என் கழுத்தைத் தடவிப் பார்த்த டாக்டரின் விரல்கள்.

தெளிந்த பிறகு அவர் விளக்கினார். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது. பிள்ளை பெற்றபின் சிலருக்கு இப்படி வரும். இன்னும் பிந்தியிருந்தால் இதயம் தாங்கியிராது. சுரப்பைக் குறைக்கத் தந்த குளிசையை விழுங்கிக்கொண்டு பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். இந்த அளவில் கொடுக்கலாம் என்றார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். அவரும் சலிக்காமல் அதையே சொன்னார்.

வீடு திரும்பிச் சில வாரங்களின் பின், பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது தூரத்தில் ஷெல் விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. உடனே கையைப் பார்த்தேன். ஆடவில்லை. மெல்ல மெல்ல நெஞ்சும் அடங்கியது.

"என்ன புள்ள, பயமா?" என்று மச்சாள் கேட்டார்.

"ஓம் மச்சாள்."

"பயம்தானே, இருந்திட்டுப் போகட்டும். குளிசையைப் போட்டியா?"

போட்டிருந்தேன். இருந்தாலும் எழுந்துபோய்க் குளிசை அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.