சிவப்பைப் படிக்காத மெஷின்

எங்கள் அலுவலகத்தில் எதையும் கிழித்துப் போடும் வழக்கம் கிடையாது. அரசுத் துறைகள் வாங்கலாம் என்று அனுமதித்த அத்தனை பொருளும், குண்டூசியிலிருந்து பம்பு மோட்டார் வரை, எண் போட்டு ஒரே பட்டியலில் இருந்தன. அலமாரி அலமாரியாகத் தடித்த தொகுதிகள். ஒரு பொருள் சோதனையில் தோற்றாலோ, அதனால் யாருக்காவது அடிபட்டாலோ, அதன் வரியை எடுக்க மாட்டோம். எண் காணாமல் போனால் தணிக்கைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம், அவ்வளவுதான். கோடு விழுந்தால் அந்தப் பொருள் செத்தது என்று அர்த்தம். இது எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

பட்டியலைக் கணினியில் ஏற்ற ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆள் ஸ்கேனிங் மெஷினோடு வந்து இறங்கினார். சுறுசுறுப்பானவர்தான், குறை சொல்ல முடியாது. நாங்கள் ஒரு பக்கம் புரட்டும் நேரத்தில் அவருடைய மெஷின் ஒரு தொகுதியை விழுங்கிவிடும். வேலை முடிந்து, பழைய தொகுதிகளையெல்லாம் கூழ் ஆலைக்கு லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள், பெருமையாக என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

“சிவப்பு சீல், கோடு எல்லாம் எழுத்தை மறைச்சுது மேடம். அதான் மெஷின்ல சிவப்பையே டிராப் பண்ணிட்டோம். எவ்ளோ நீட்டா வருது பாருங்க.”

துடைத்து வைத்தாற்போல் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. நாங்கள் சாகடித்ததெல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்தது.

மேலதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனிதர், ஆனால் அன்று காலையே புதிய பட்டியலைத் தொடங்கிவைத்துப் புகைப்படமும் எடுத்தாகிவிட்டது. எதெது என்று தெரிந்தால் எழுதிக் கொடுங்கள், தூக்கிவிடலாம் என்றார். தலைக்குள் என்ன அலமாரியா இருக்கிறது? கண்ணை மூடி உட்கார்ந்து நினைவுக்கு வந்ததை எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மின் வேலை செய்பவர்கள் போடும் ரப்பர் கையுறை. வேறொரு ஊரில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும்போது, ஈரத்தில் மின்சாரம் உள்ளே இறங்கி விரல்களை இழந்தார். அந்த வரியில் கோடு போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் குறிப்பை அதிகாரி எடுத்துப் படிக்கவே மூன்று வாரம் ஆயிற்று, படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். புதுப் பட்டியலைப் பார்த்துத் துறைகள் ஏற்கெனவே அந்தக் கையுறையை வாங்கிவிட்டிருந்தன. நிறுத்தச் சொல்லிக் கடிதம் போடுவதாகச் சொன்னார்.

என் கணவர் மழைநீரை இறைத்து வெளியேற்றும் அரசு பம்ப் ஹவுஸ் ஒன்றில் எலக்ட்ரீஷியன். மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் புதுக் கையுறையோடு வந்தார். ஆரஞ்சு நிறம், ரப்பர் வாசனைகூடப் போகவில்லை. கையுறையின் மணிக்கட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே மாடல். பழைய ஜோடி எங்கே என்று கேட்டேன். பழசை ஒப்படைத்தால்தான் ஸ்டோரில் புதுசு தருவார்களாம்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். பழசில் விரல் இடுக்கு வெடித்திருந்ததே, அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவள் புதுசு வந்ததும் பயப்படுகிறாயே என்று கிண்டல் செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து இரண்டையும் உள்ளங்கைக்குக் குறுக்கே வெட்டிப்போட்டேன்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் நுழைவதற்குள் போன் வந்தது. மோட்டார் நின்றுவிட்டது, பள்ளத் தெருக்களில் தண்ணீர் ஏறுகிறது, உடனே வரவேண்டும். அவர் கையுறையைத் தேடினார். நானே கொண்டுவந்து கொடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“அங்க எல்லாருக்கும் இதேதான் குடுத்திருக்காங்க. ஒரு ஜோடியை வெட்டி என்ன பண்ணப் போற?” என்றார். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், கண் போன் மேலேயே இருந்தது. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நனைந்துபோய் வந்தார். கேட்டைத் திறக்கும்போதே இரண்டு கையையும் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார்.

“பாத்தியா? இன்னொருத்தரோடதத்தான் போட்டுக்கிட்டேன். ஒன்னும் ஆகல.”

அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது. அது இரவுச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை.

அதிகாரியின் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஸ்டோரில் கேட்டு அதே மாதிரி வேறொரு ஜோடி வாங்கிக்கொண்டார், இப்போது வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. மழை மறுபடி தொடங்கிவிட்டது. வெடித்த கையுறை இருந்தவரை அவருக்குப் பயம் இருந்தது. மரப்பலகை மேல் ஏறி, இரண்டு தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பேனலைத் தொடுவார். இப்போது பலகை தேவைப்படுவதில்லையாம். நல்ல கையுறை வந்த பிறகு வேலை சீக்கிரம் முடிகிறது, இரண்டு கையையும் தைரியமாக உள்ளே விடலாம் என்று நேற்று தோசை தின்றுகொண்டே என்னிடம் சொன்னார்.