நாக்கின் ஓரத்தில் ஒரு புண்

1. ஜெல் கேட்டு வந்தவர்

தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் பார்மசிக்குச் செல்வி அக்கா வந்து வாய்ப்புண் ஜெல் கேட்டார். பக்கத்துத் தெருவில் சாரி பிளவுஸ் தைப்பவர். கணவர் மணி அண்ணன் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரி மாவை வீசி ரொட்டி சானாய் போடுகிறவர். புண் அவருக்குத்தான்.

ஜெல்லை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே, புண் எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"நாக்குலமா. ஓரத்துல. பல்லுப் பட்ட மாதிரி இருக்கு. எப்படிக் கடிச்சாருன்னு அவருக்கே தெரியல, தூக்கத்துல கடிச்சுக்கிட்டாராம்."

சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் உதட்டின் உள்பக்கத்திலும் கன்னத்திலும் வரும். நாக்கின் ஓரத்தைத் தூக்கத்தில் பலமாகக் கடித்துக்கொள்வது வேறு விஷயம். நான் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டேன். எழுந்தபோது உடம்பு வலித்ததா? படுக்கை நனைந்திருந்ததா? கொஞ்ச நேரம் குழப்பமாகப் பேசினாரா?

அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஜெல் வாங்க வந்தேனா, ஐசி அடையாள அட்டை எடுக்க வந்தேனா? ஏன்மா இவ்வளவு கேக்கற?" என்றார். ஆனால் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, மூன்றுக்கும் ஆமாம் என்றார். அண்ணனுக்கு முன்பு வலிப்பு இருந்தது, மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு பல வருடங்களாக வரவே இல்லை என்றும் சொன்னார்.

"இப்பவும் மருந்து சாப்பிடறாரா அக்கா?"

"விரதத்துல இருக்காரே. கேப்சூலை நிறுத்திட்டாரு."

2. கேப்சூலின் உறை

மணி அண்ணன் இந்த வருடம் காவடி எடுக்கிறார். எதற்கு நேர்த்திக்கடன் என்று கேட்டேன். வலிப்பு நின்றால் பத்துமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக முன்பே நேர்ந்துகொண்டாராம். நின்றுவிட்டது. அந்த நன்றிக்காக விரதம் தொடங்கினார். அந்த விரதத்துக்காகவே வலிப்பை நிறுத்தி வைத்திருந்த மருந்தை விட்டுவிட்டார்.

காரணம், கேப்சூலின் உறை. காவடிக் குழுத் தலைவர் ராஜு அண்ணன், அந்த உறை மாட்டுத் தோலில் செய்வது, சுத்த சைவத்தில் இருப்பவர் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பெரும்பாலான கேப்சூல் உறைகள் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்த எனக்கு, ஒரு நோயாளியின் விரதத்தில் இது எங்கே போய் இடிக்கும் என்று அதுவரை தோன்றியதில்லை.

மணி அண்ணனிடம் போய்ப் பேசுகிறேன் என்றதும் எங்கள் முதலாளி தயங்கினார். மணிக்கு மருந்து கொடுப்பது அரசாங்க கிளினிக், நாமில்லை. வீட்டு விவகாரம், சாமி விவகாரம், நமக்கெதற்கு என்றார். நான் ஒன்றுதான் சொன்னேன். அந்த மனிதர் கொதிக்கும் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று வேலை செய்கிறார், மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். அடுத்த தடவை தூக்கத்தில்தான் வரும் என்று யார் சொல்ல முடியும்? கவுண்டரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் அவரைப் பார் என்றார் முதலாளி.

3. கல்லுக்குப் பக்கத்தில்

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். மணி அண்ணன் மாவை வீசிக்கொண்டிருந்தார். அக்காவையும் என்னையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மிஸ், அது முருகன் நிறுத்தினது. கேப்சூல் நிறுத்தினது இல்ல."

"நான் அதுல பேச வரல அண்ணே. அவர் நிறுத்தினப்போ நீங்க தினமும் மருந்தும் போட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"போட்டேன்."

"அதையும் அவர் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு."

மணி அண்ணன் விடவில்லை. மாட்டுத் தோலை வாயில் வைத்துக்கொண்டு எப்படி வேல் குத்திக்கொள்வது என்று கேட்டார். உறையைப் பிரித்துத் தூளை மட்டும் பாலில் கலந்து குடிக்கலாமா என்றும் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். சில கேப்சூல்கள் மெதுவாகக் கரைவதற்காகச் செய்தவை. பிரித்தால் அளவு தாறுமாறாகிவிடும். உறை இல்லாத மாத்திரையாக மாற்ற முடியும், ஆனால் அதை நானும் செய்யக்கூடாது, அவரும் செய்யக்கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கேப்சூலிலும் மாத்திரையிலும் மருந்தின் அளவு சமமாக இருக்காது. டாக்டர்தான் இரத்தம் பார்த்து மாற்ற வேண்டும்.

கிளினிக்குக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அன்றைக்கே வரச் சொன்னார்கள். மோட்டார் சாவியை அக்கா வாங்கிக்கொண்டார். இருவரும் டாக்சியில் போனார்கள்.

டாக்டர் மருந்தை உடனே மறுபடி தொடங்கினார். பரிசோதனைக்குப் பிறகு மாத்திரைக்கு மாற்றினார். அதோடு மூன்று கட்டளைகள்: கல் வேலை வேண்டாம், மோட்டார் வேண்டாம், இந்த வருடம் காவடி வேண்டாம். முதல் இரண்டையும் அண்ணன் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

4. குழுவுக்கு முன்னால்

ராஜு அண்ணனைப் பார்க்க மணி அண்ணனோடு நானே போனேன். வெள்ளிக்கிழமை பஜனை முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை மணி அண்ணனே எழுந்து சொன்னார். ராஜு அண்ணன் இலையை மூடிவிட்டார்.

"தோலுன்னு நான் சொன்னது தப்பா மிஸ்?"

"தப்பில்லண்ணே. மருந்தை விடறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுன்னும் சொல்லியிருக்கணும்."

அவர் தலையாட்டினார். பிறகு கேள்விகள் வந்தன. ஒருவர், வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும்தானே என்று கேட்டார்.

"அது தானா நிக்கிற நேரம் பார்த்து நீங்க சாவியைத் தேடிக் கண்டுபிடிக்கறீங்க, அண்ணே."

கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு சொன்னதை எல்லோரும் கவனித்துக் கேட்டார்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அன்றே இன்னும் சிலர் தங்கள் மருந்தைப் பற்றி என்னிடம் தனியாகப் பேசினார்கள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன் என்று சொன்ன ஒருவர், சர்க்கரை மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். மயங்கி விழாமல் இருந்ததே பெரிது. அவரையும் மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்கு அனுப்பினோம்.

காவடி விஷயத்தை ராஜு அண்ணன்தான் தீர்த்து வைத்தார். டாக்டர் சம்மதித்தால் மணி பால்குடம் எடுக்கட்டும், இரண்டு பக்கமும் ஆள் வரும், முருகன் எடை போட்டுப் பார்க்க மாட்டார் என்றார். டாக்டர் சம்மதித்தார். பத்துமலைப் படியில் மணி அண்ணன் மெதுவாக ஏறினார். செல்வி அக்கா ஒரு பக்கம், ராஜு அண்ணன் மறு பக்கம். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றி இவ்வளவு பெருமையாக நான் அதுவரை நினைத்ததில்லை.

5. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒருவர் சின்ன மருந்து கேட்டு வந்தாலும், புண் எங்கே, எப்படி வந்தது, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். விரதமா, நோன்பா, சைவமா என்றும் கேளுங்கள். அவர் நம்பிக்கையோடு வாதாடாதீர்கள். அதற்குள் பொருந்துகிற மருந்து இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன், விரதம் தொடங்கும் வாரத்தில் மணி அண்ணன் கடைக்கு வந்தார். இடையில் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. டாக்டர் பார்த்து, இந்த வருடம் சின்னக் காவடிக்குச் சரி என்று சொல்லிவிட்டாராம். மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார்.

"காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. விரதம்னாலும் விடக்கூடாது. சரியா மிஸ்?"

சரிதான் அண்ணே என்றேன்.