எங்கள் மேசைக்காரர்

எந்த வேலையிலும் முதல் நாள் ஒருவருக்கொருவர் பேர் சொல்லிக்கொள்வோம். மருத்துவப் படிப்பில் மட்டும், முதல் நாள் நாம் தொடப்போகிறவரின் பேரைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, நாற்பத்தெட்டு வயதில், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவள் நான். உடல் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாசனையில் பசியெடுத்து, அந்தப் பசிக்காகவே வெட்கப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

விரலில் தடம்

எங்கள் மேசையில் இருந்தவர் உடல்தானம் செய்தவர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கால் கட்டைவிரல் இரண்டிலும் துணி இறுகிய தடம் இருந்தது. வீட்டில் சேர்த்துக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். இப்போது கட்டு இல்லை. பக்கத்தில் நின்ற கவினுக்குப் பதினெட்டு வயது, வாய் ஓயாது. அன்றைக்குச் சன்னமாகக் கேட்டான்: "ஆன்ட்டி, அவுத்து வுட்டது யாரு?"

டாக்டரம்மா

நரைத்த தலையும் வெள்ளைக் கோட்டும் சேர்ந்தால் பெரிய டாக்டர் என்றுதான் நினைப்பார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா அப்படித்தான் என்னைக் கல்லூரி வாசலில் நிறுத்தினார். புருஷன் ஆசைப்பட்டபடி அவர் உடலை எங்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டாராம். கொழுந்தன்மார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எரிக்காத ஆள் வீட்டைச் சுற்றுவான் என்கிறார்களாம். பொழுது சாய்ந்தால் இவருக்கும் வாசலில் காலடி கேட்கிறது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஸ்டூடன்ட்தான் என்றேன். காதில் வாங்கவில்லை. "எங்க வூட்டுக்காரு பசி தாங்கமாட்டாரு. வாய்க்கரிசியோட நாலு மல்லாட்டையும் உரிச்சு வச்சுத்தான் அனுப்னேன். நான் பண்ணது தப்பா? அத மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா."

பௌர்ணமி

கெண்டைக்காலைத் திறந்திருந்தோம். அங்கே ஒரு தசைநாணை இழுத்தால் கால்விரல்கள் மடங்கும். அன்றைய பாடமே அதுதான். கவின் இழுத்தான், மடங்கின. விட்டான், நிமிர்ந்தன. பாளம்பாளமாக வெடித்த, செருப்பறியாத பாதம். ஜன்னலுக்கு வெளியே கிரிவலம் போகிறவர்களின் பேச்சும் நடையும் கேட்டுக்கொண்டே இருந்தன. விரல்கள் மறுபடி மடங்கின.

"போதும்டா" என்றேன். அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "நான் வுட்டு நேரமாச்சு ஆன்ட்டி."

கன்னத்துக்குள்

தலைப் பகுதிக்கு வந்தோம். தாடையை விலக்கியபோது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பச்சரிசி, போட்டபடியே வெள்ளையாக. அதற்குள் மல்லாட்டை, உரித்த வேர்க்கடலைப் பருப்பு.

பேர் தெரிந்தால் கை ஓடாது என்பதால்தான் பேர் சொல்வதில்லை. பேர் தெரியாமலே என் கை நின்றுவிட்டது. அந்த அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றும் தெரியாத கவின், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் சேர்த்தான். "கொட்டிடாதீங்க ஆன்ட்டி, வேலை முடிஞ்சதும் திருப்பி வச்சுடலாம். அது அவரு சாப்பாடு."

மறுபடியும் வாசலில்

அந்த அம்மா திரும்ப வந்தார். கேள்வி அதேதான். யார் உடல் எந்த மேசையில் என்று வெளியே சொல்லக் கூடாது. அதனால் எனக்குச் சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னேன். "எங்க மேசையில ஒருத்தர் இருக்காருங்க. தினமும் கும்பிட்டுட்டுத்தான் தொடறேன். மனுஷன் எப்படி நடக்கறான்னு அவரு கால்லதான் படிச்சேன். குடுத்தவங்க தப்பு பண்ணல. அவங்க கால்லயும் விழலாம் நான்."

என் முகத்தையே பார்த்தார். எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நாலடி போய்த் திரும்பி நின்றார். "அப்ப நடக்கறாரு. எனக்குக் கேட்டது பொய்யில்ல. இனிமே கதவத் தெறந்தே வைக்கறேன்."

கூட்டிக் கழித்துப் பார்த்தால், நானும் எங்கள் மேசைக்காரரும் எழுதுவது இரண்டு பேர் சேர்ந்து எழுதும் பரீட்சை; ஹால் டிக்கெட் மட்டும்தான் ஒருத்தர் பேரில்.